படிக்கும் வேகத்தைக் குறைக்கும் பழக்கங்களை விடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

குரூப் 4, காவலர் தேர்வு என்று நூலகத்தில் வந்து படிக்கிற பிள்ளைகளோடு மாலையில் உட்காருவது என் வழக்கம். தருமபுரி, பாலக்கோடு, காரிமங்கலம் என்று எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, ஒரு பாடம் முடிக்கவே சாயங்காலம் ஆயிடுது. வேகமா படிக்க என்னண்ணா பண்றது?"

யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நேராக "மனசுக்குள்ள கேக்குற குரலை நிறுத்தணும்" என்பதில் இறங்கிவிடுகிறார்கள். நான்கு நாளில் தலைவலி வந்து விட்டுவிடுகிறார்கள். வேகத்தைத் தடுக்கிற பழக்கங்கள் நாலைந்து இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக, ஒரு வரிசையில் விட வேண்டும். அந்த வரிசைப்படிதான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. நிமிடத்துக்கு ஆயிரம் சொல், அரை மணியில் ஒரு புத்தகம் என்று விளம்பரம் செய்கிற வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். கண்ணசைவு ஆய்வில் பெயர்பெற்ற கீத் ரேனரும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதி 2016இல் வெளிவந்த விரிவான கட்டுரை ஒன்று, வேகத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் புரிதல் குறையும் என்று தெளிவாகவே சொல்கிறது. வீணாகப் போகிற நேரத்தை மீட்பதுதான் இங்கே நம் நோக்கம்.

1. தொடங்குவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

முதலில் கண். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தால் அது வெள்ளெழுத்து. கண்ணாடி போடாமல் எந்தப் பயிற்சி செய்தாலும் பலன் இருக்காது. இளவயதில் மாலையானால் தலைவலி, எழுத்து இரண்டாகத் தெரிவது என்று இருந்தால் கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எழுத்துகளே இடம் மாறித் தெரிகிற, எவ்வளவு முயன்றும் சொல்லைக் கூட்ட முடியாத பிள்ளைகளுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. அவர்களுக்குச் சிறப்புப் பயிற்சி தேவை. பழக்கத்தைக் குறை சொல்லி அவர்களைத் திட்டக் கூடாது.

பிறகு இடம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். உங்கள் தலை நிழல் பக்கத்தின் மேல் விழக் கூடாது. செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். பேருந்துப் பயணத்தில் பயிற்சி வேண்டாம். தொப்பூர்க் கணவாயில் வண்டி திரும்பும்போது வரியைப் பிடிக்கக் கண் படுகிற பாடு வேகத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

கையில் இருக்க வேண்டியவை: இதுவரை படிக்காத பாடம் உள்ள பள்ளிப் பாடநூல் ஒன்று, பென்சில், சின்ன நோட்டு, கடிகாரம், பழைய கல்யாணப் பத்திரிகை. பத்திரிகை எதற்கு என்று நான்காம் படியில் சொல்கிறேன்.

2. இப்போதைய வேகத்தை அளந்து எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். அளக்காமல் தொடங்கினால் இரண்டு வாரம் கழித்து முன்னேறினோமா இல்லையா என்பது தெரியாது. தெரியாவிட்டால் பயிற்சி தானாக நின்றுவிடும்.

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் தெரியாத பாடம் ஒன்றை எடுங்கள். ஐந்து நிமிடம், வழக்கமாகப் படிப்பது போலவே படியுங்கள். நிறுத்திய இடத்தில் கோடு போட்டு, எத்தனை வரி என்று எண்ணுங்கள். பத்து வரியில் உள்ள சொற்களை எண்ணிப் பத்தால் வகுத்தால் ஒரு வரிக்கான சராசரி கிடைக்கும். சராசரி 4.5 சொல், ஐந்து நிமிடத்தில் 140 வரி என்றால் மொத்தம் 630 சொல். அதாவது நிமிடத்துக்கு 126.

உடனே புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததில் நினைவிருப்பதை நோட்டில் எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். முக்கியச் செய்திகளில் பாதிகூட வரவில்லை என்றால் அந்த 126ஐக் கணக்கில் சேர்க்காதீர்கள். கண் ஓடிய வேகத்தைப் படித்த வேகம் என்று எழுதி வைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். ஆங்கிலச் செயலிகளில் வருகிற எண்ணோடு தங்கள் எண்ணை ஒப்பிட்டு மனம் உடைந்துபோகிறார்கள். தமிழில் 'நடைமுறைப்படுத்தப்பட்டுள்ளது' என்பது ஒரே சொல். அதையே ஆங்கிலத்தில் சொல்ல மூன்று நான்கு சொல் வேண்டும். ஆகவே தமிழ் எண் எப்போதும் சிறியதாகத்தான் இருக்கும். உங்கள் போன வார எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

3. உங்கள் பழக்கம் எது என்று கண்டுபிடியுங்கள்

செல்போனின் முன்கேமராவை ஓடவிட்டு மூன்று நிமிடம் படியுங்கள். பிறகு அந்தக் காணொளியைப் பாருங்கள். உதடு அசைகிறதா? வரிக்கு வரி தலை இடமிருந்து வலமாக ஆடுகிறதா? கண் மேலே மேலே ஏறிப் போகிறதா? பென்சிலைக் கீழே வைக்காமலே கை கோடு போட்டுக்கொண்டிருக்கிறதா?

நண்பரை எதிரில் உட்கார வைத்தும் பார்க்கலாம். ஆனால் ஒருவர் பார்க்கிறார் என்றால் நாம் ஒழுங்காகிவிடுவோம். கேமராவை இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுவோம். தலையாட்டம் மட்டும் இருந்தால் தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு படித்தால் போதும், சில நாளில் நின்றுவிடும். மற்றவற்றுக்குத்தான் வேலை இருக்கிறது.

4. முதலில் விட வேண்டியது: திரும்பித் திரும்பிப் படிப்பது

நேரம் அதிகமாகக் கரைவது இங்கேதான். அதனால்தான் இது முதலில் வருகிறது.

படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவி, நின்று, மறுபடி தாவுகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறத்தாழ கால் நொடி. நன்றாகப் படிக்கிறவர்களின் கண்ணும் அவ்வப்போது பின்னால் போகும், அது இயல்பு. தவறு எங்கே வருகிறது என்றால், புரிந்த வரியையே நம்பிக்கையில்லாமல் மறுபடி பார்ப்பதில்.

தமிழில் இதற்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். அதுவரை யார், எதை, எங்கே என்பதையெல்லாம் மனம் தூக்கி வைத்திருக்க வேண்டும். அந்தப் பாரம் தாங்காமல் பாதியிலேயே திரும்பிவிடுகிறோம். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் கீழ் காவிரியிலிருந்து எடுக்கப்படும் நீர், நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஊர்களுக்கு வழங்கப்படுகிறது.

இதைப் படிக்கச் சொன்னால் பெரும்பாலானவர்கள் தடுக்குவது 'நிலத்தடி நீரில்' என்ற இடத்தில். இப்போதுதான் 'நீர்' என்று ஒன்று வந்தது, இது எந்த நீர் என்று கண் பின்னால் ஓடும். திரும்பி வந்தபின் 'மிகுந்த' என்பதில் இன்னொரு தடவை சந்தேகம். மூன்று தடவை பாதி வாக்கியம் படித்தாயிற்று, இன்னும் முற்றுப்புள்ளியைப் பார்க்கவில்லை. அப்படியே நேராகப் போயிருந்தால் 'வழங்கப்படுகிறது' என்ற சொல் எல்லா முடிச்சையும் அவிழ்த்திருக்கும்: ஆற்று நீர் வழங்கப்படுகிறது, ஃபுளோரைடு இருப்பது நிலத்தடி நீரில்.

ஆகவே முதல் விதி: முற்றுப்புள்ளி வரும் வரை திரும்பக் கூடாது. வாக்கியம் முடிந்தபின் புரியவில்லை என்றால் ஒரே ஒரு முறை திரும்பலாம்.

இதற்குத்தான் கல்யாணப் பத்திரிகை. அந்தத் தடிமனான அட்டையைப் படித்து முடித்த வரிகளின் மேல் வைத்து, மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். படித்தது மறைந்துவிடும், திரும்பிப் பார்க்க வழி இருக்காது. பலர் அட்டையைப் படிக்கிற வரிக்குக் கீழே வைக்கிறார்கள். அது தலைகீழ். கீழே வைத்தால் அடுத்த வரி மறைகிறது, படித்த வரி திறந்தே கிடக்கிறது. மேலே வைத்தால்தான் கண் முன்னால் போகும்.

அட்டையைச் சீராக இறக்குங்கள். புரிந்த பிறகு இறக்கலாம் என்று நிறுத்தி வைத்தால் பயிற்சி அங்கேயே முடிந்தது. முதல் சில நாள் ஏதோ தவறவிட்ட உணர்வு இருக்கும். பத்தி முடிந்ததும் அட்டையை எடுத்துவிட்டுப் பாருங்கள். தவறியதாக நினைத்ததில் பெரும்பகுதி மனதில் இருப்பது தெரியவரும்.

மனம் வேறெங்கோ போய்விட்டதால் திரும்புகிறீர்கள் என்றால் அது வேறு கதை. அட்டையால் ஆகாது. ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு பக்கத்தில் நாலைந்து புள்ளி விழுந்தால் புத்தகத்தை மூடி எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். களைத்த மனதோடு பயிற்சி செய்தால் கெட்ட பழக்கம்தான் உறுதிப்படும்.

5. உதட்டை நிறுத்துங்கள், உள்குரலை அடக்க வேண்டாம்

உதட்டை அசைத்துப் படிக்கிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. சமையலறையிலிருந்து அம்மா கேட்ட கேள்விதான்: "சத்தமே காணோம், படிக்கிறியா தூங்குறியா?" வீட்டுக்குச் சத்தம்தான் படிப்புக்குச் சாட்சி. அது உதட்டிலேயே தங்கிவிட்டது.

வாய் கண்ணைவிட மெதுவானது. பெல்ஜியத்தைச் சேர்ந்த உளவியலாளர் மார்க் பிரைஸ்பார்ட் பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் தந்த கணக்குப்படி, பெரியவர்கள் ஆங்கிலக் கட்டுரையை மௌனமாகப் படிப்பது நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொல். வாய்விட்டுப் படிப்பது 183. இந்த எண்களைத் தமிழுக்கு அப்படியே எடுக்க முடியாது. ஆனால் உதடு அசைகிற வரை உங்கள் வேகம் பேச்சு வேகத்தைத் தாண்டாது என்பது நமக்கும் பொருந்தும்.

ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் லேசாக வைத்துக்கொண்டு படியுங்கள். அசைந்தால் விரலுக்குத் தெரியும். உதடு நின்றபின் கையைத் தொண்டையில் வைத்துப் பாருங்கள். சிலருக்கு அங்கே துடிப்பு இருக்கும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைத்தால் அதுவும் அடங்கும்.

இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மனதுக்குள் கேட்கிற குரலை முழுவதும் அடக்க முயல வேண்டாம். நீண்ட வாக்கியத்தை நினைவில் பிடித்து வைக்க அந்தக் குரல்தான் உதவுகிறது. அதை அடக்க "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணிக்கொண்டே படிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. செய்து பார்த்தவர்களைக் கேளுங்கள், எண்ணினது மட்டும்தான் நினைவில் இருக்கும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள் இந்தப் படியைத் தள்ளி வைக்கலாம். எழுத்துத் தமிழ் காதில் இன்னும் பழகவில்லை என்றால் சில வாரம் வாய்விட்டுப் படிப்பதே நல்லது. சொல்லின் ஓசை பழகிய பிறகு உதட்டை நிறுத்தினால் புரிதல் குறையாது.

6. எழுத்துக்கூட்டுவதை விட்டு, தொடராகப் பிடியுங்கள்

தமிழ்ச் சொல் நீளமானது. நீளமான சொல்லைக் கண்டதும் சின்ன வகுப்புப் பழக்கம் தலைதூக்கி எழுத்தெழுத்தாகக் கூட்டத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் அந்த நீளத்தில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வருகிற வால்தான்: 'ப்பட்டுள்ளது', 'வதற்காக', 'இலிருந்து', 'க்கொண்டிருந்த'. வாலை ஒரே பார்வையில் அடையாளம் காணப் பழகினால், கூட்டிப் படிக்க வேண்டியது தலைப்பகுதி மட்டும்.

பயிற்சிக்குப் பழைய செய்தித்தாள் போதும். ஒரு பத்தியை எடுத்துப் பொருள் சேர்ந்து வருகிற இடங்களில் பென்சிலால் சாய்கோடு போடுங்கள்:

கிருஷ்ணகிரி மாவட்டம் / தருமபுரி மாவட்டத்திலிருந்து / 2004 பிப்ரவரி 9 அன்று / பிரிக்கப்பட்டது.

நான்கு துண்டு. ஒவ்வொரு துண்டையும் ஒரே மூச்சில் பாருங்கள். துண்டுக்குள் நிற்காதீர்கள். தினம் மூன்று பத்தி இப்படிக் கோடு போட்டுப் படியுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு கோடு போடாமல் படியுங்கள். கண்ணே துண்டு போடும்.

மூன்று சொல்லுக்கு ஒரு கோடு என்று கணக்காகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உதவாது. 'தருமபுரி' ஒரு துண்டிலும் 'மாவட்டத்திலிருந்து' அடுத்ததிலும் விழுந்தால் மனம் மறுபடி ஒட்டவைக்க வேண்டும். பொருள் பிரிகிற இடத்தில்தான் கோடு விழ வேண்டும்.

ஆண்டு, எண், ஆள் பெயர் வருகிற துண்டில் வேகம் குறையத்தான் செய்யும். குறையட்டும்.

7. எல்லா வரிக்கும் கோடு போடுவதை விடுங்கள்

பக்கம் முழுக்க மஞ்சளாக இருக்கிற புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லாமே முக்கியம் என்றால் எதுவும் முக்கியமில்லை. அதோடு, கோடு போடுகிற கை பார்வையைத் தன் வேகத்துக்கு இழுத்துவிடுகிறது.

பத்தியை முடிக்கும் வரை பென்சிலைக் கீழே வையுங்கள். முடித்தபின் ஒரே ஒரு இடத்தில் கோடு போடுங்கள். எதற்குப் போடுவது என்று யோசிக்கிற அந்தச் சில நொடிதான் மறுவாசிப்பின் வேலையைச் செய்கிறது.

8. பாடத்தைப் பின்னாலிருந்து பாருங்கள்

பழக்கங்கள் ஓரளவு அடங்கிய பிறகே இந்தப் படி. முதலிலேயே செய்தால் வேகம் எதனால் கூடியது என்று தெரியாமல் போகும்.

தமிழ்நாடு பாடநூல்களில் பாடத் தொடக்கத்தில் 'கற்றலின் நோக்கங்கள்', இறுதியில் 'பாடச்சுருக்கம்', 'கலைச்சொற்கள்', 'பயிற்சி' எல்லாம் இருக்கும். நம் பிள்ளைகள் இவற்றைக் கடைசியில் பார்க்கிறார்கள், அல்லது பார்ப்பதே இல்லை. முதல் மூன்று நிமிடம் இவற்றுக்கே ஒதுக்குங்கள். எதைத் தேடிப் போகிறோம் என்று தெரிந்தால் எந்தப் பத்தியில் நிற்பது, எதைத் தாண்டுவது என்பதைக் கண்ணே முடிவு செய்யும்.

9. வினாத்தாளில் வாசிப்பு

குரூப் 4 தேர்வில் 200 வினா, மூன்று மணி நேரம். வினாவுக்கு 54 நொடி. விடைத்தாளில் வட்டம் நிரப்புவதும் அதற்குள்தான். படிப்பில் கெட்டிக்காரர்களும் இங்கே நேரம் போதாமல் தடுமாறுவது வினாவை இரண்டு முறை படிப்பதால்தான்.

மறுபடியும் தமிழின் கடைசிச் சொல்தான் காரணம். நான்கு கூற்றுகளைப் படித்து முடித்து, சரியானதைத் தேர்ந்த பிறகு பார்த்தால் 'தவறானது எது?' என்று முடிந்திருக்கும். ஆகவே நீண்ட வினாவில் கண்ணை முதலில் கடைசி வரிக்குக் கொண்டுபோங்கள். 'பொருந்தாதது', 'தவறானவை', 'அல்லாதது' என்று இருந்தால் அதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேலிருந்து படியுங்கள். கூற்று–காரணம் வகை வினாவில் கூற்றை மட்டும் முதலில் படித்துச் சரியா தவறா என்று முடிவு செய்துவிட்டுக் காரணத்துக்குப் போங்கள். கூற்றே தவறென்றால் பல விருப்பங்கள் அங்கேயே அடிபட்டுப் போகும்.

முற்றுப்புள்ளி வரை திரும்பாதே என்று சொல்லிவிட்டு இங்கே கடைசியிலிருந்து பார்க்கச் சொல்கிறானே என்று தோன்றலாம். பாடத்தில் வாக்கியத்தைப் புரிந்துகொள்ளப் படிக்கிறோம். வினாவில் நம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்று பார்க்கப் படிக்கிறோம். இரண்டுக்கும் கண் போகிற வழி வேறு.

10. வேகத்தைக் குறைக்க வேண்டிய இடங்கள்

கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், கடன் ஒப்பந்தம், மருந்துச் சீட்டு. இவற்றில் விரலை வைத்து, உதட்டை அசைத்து, வேண்டுமானால் சத்தமாகவே படியுங்கள். நிலப் பத்திரத்தில் சர்வே எண்ணின் ஒரு இலக்கம் மாறினால், நான்கெல்லையில் ஒரு பெயர் விடுபட்டால் பிறகு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். கவிதையையும் குறளையும் வேகமாகப் படிப்பதில் அர்த்தமே இல்லை.

11. எத்தனை நாள், எவ்வளவு நேரம்

தினம் இருபது நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் கவனம் அட்டையில் இருக்கும், பாடத்தில் இருக்காது. ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் மட்டும்: நான்காம் படிக்கு இரண்டு வாரம், ஐந்துக்கும் ஆறுக்கும் இரண்டிரண்டு வாரம். ஏழாம் படியை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். உதட்டையும் அட்டையையும் ஒரே நாளில் தொடங்குகிறவர்கள் இரண்டையும் விட்டுவிடுவதைத்தான் பார்க்கிறேன்.

வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே நேரத்தில் இரண்டாம் படியின் அளவீட்டைச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய பாடம், ஆனால் அதே பாடநூல். தமிழ்ப் பாடநூலில் ஒரு வாரமும் அறிவியலில் அடுத்த வாரமும் அளந்தால் அந்த எண்களை ஒப்பிட முடியாது. புதிய பழக்கம் தொடங்கிய வாரம் புரிதல் கொஞ்சம் குறைவது வழக்கம்தான். அடுத்த வாரமும் ஏறவில்லை என்றால் அட்டையின் வேகத்தைக் குறையுங்கள்.

12. எண் நகராமல் நின்றுவிட்டால்

சில வாரத்துக்குப் பிறகு வேகம் ஓரிடத்தில் நிற்கும். பழக்கம் எல்லாம் சரி, ஆனாலும் ஏறாது. அப்போது எந்தப் பாடத்தில் நிற்கிறது என்று நோட்டைப் பாருங்கள். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை, மாங்கூழ் ஏற்றுமதி பற்றிய கட்டுரையைச் சர்ரென்று முடித்துவிடும். அதே பிள்ளை ரெப்போ விகிதம், பணவீக்கம் என்று வருகிற பாடத்தில் வரிக்கு வரி நிற்கும். கண் ஒன்றுதான். சொற்களும் விஷயமும்தான் புதிது.

அந்த மாதிரிப் பாடத்துக்கு அட்டையை எடுத்துவைத்துவிடுங்கள். கலைச்சொற்கள் பட்டியலிலிருந்து பத்துச் சொல்லை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உங்கள் பேச்சுவழக்கில் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். எட்டாம் வகுப்புப் பாடத்தில் அதே தலைப்பு இருந்தால் அதை முதலில் படியுங்கள். மறுநாள் பத்தாம் வகுப்புப் பாடத்தை எடுத்து, மறுபடி ஐந்து நிமிடம் வைத்து அளந்து பாருங்கள்.